தெரிந்த பாடம், தெரியாத பத்தி: பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் எதை அளக்கிறது?

1. கேள்வி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அருகருகே இருக்கும் புறநகர்கள். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்ட நகராட்சியாகத் தொடர்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டின் பட்டறைகளும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் பல ஊர்க்காரர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. தமிழோடு தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் பேசும் வீடுகள் ஒரே தெருவில் இருக்கின்றன. பள்ளிகளும் அப்படித்தான். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி, மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் படிக்கும் கேந்திரிய வித்யாலயா என எல்லாம் சில பேருந்து நிறுத்தங்களுக்குள் அடங்கிவிடும்.

இவற்றில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளும், தமிழ்வழியானாலும் ஆங்கிலவழியானாலும், பத்தாம் வகுப்பில் ஒரே ஆங்கிலத் தாளை எழுதுகிறார்கள். அதில் ஒரு மாணவி 62 மதிப்பெண் வாங்குகிறாள் என்றால், அவளால் ஆங்கிலத்தில் என்ன செய்ய முடியும் என்று அந்த எண்ணைக் கொண்டு சொல்ல முடியுமா? இந்தக் கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான்.

பள்ளி ஆங்கிலம் பற்றிப் பேசுவோர் வழக்கமாக இரண்டு கட்சிகளாக நிற்பார்கள். இலக்கணம் போதவில்லை, அதைக் கூட்ட வேண்டும் என்பது ஒரு கட்சி. இலக்கணத்தை விட்டுப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. கற்பிப்பதைப் பற்றி இவ்வளவு சச்சரவிடும் இருவரும் தேர்வைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை. மதிப்பெண் உயர்ந்தால் ஆங்கிலம் வளர்ந்தது என்றே இருவரும் எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2. வினாத்தாளின் கணக்கு

2018-19 வரை பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள். 2019-20 முதல் அவை ஒரே தாளாயின. கொரோனாவால் 2020, 2021 பொதுத்தேர்வுகள் ரத்தாகிவிட்டதால், 2022 மே மாதத்தில்தான் மாணவர்கள் இந்த ஒற்றைத் தாளைப் பொதுத்தேர்வாக முதன்முதலில் எழுதினார்கள். 100 மதிப்பெண், மூன்று மணி நேரம், தேர்ச்சிக்கு 35.

இந்த 100 எப்படிப் பிரிகிறது என்று ஒரு தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண் கேள்விகள் 10, அதாவது 20. ஐந்து மதிப்பெண் கேள்விகள் 10, அதாவது 50. எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு, அதாவது 16. வகை தெரிந்தது. ஆனால் மாணவர் ஏற்கெனவே படித்த பாடத்திலிருந்து வருவது எவ்வளவு, அன்று முதன்முதலாகப் பார்க்கும் ஆங்கிலம் எவ்வளவு என்பது இந்தப் பிரிப்பில் தெரியாது. வேறு விதமாகக் கூட்டினால்தான் தெரியும்.

உரைநடைச் சிறுவினா 6, செய்யுள் சிறுவினா 6, உரைநடைப் பத்தி 10, செய்யுள் பத்தியும் நயம் பாராட்டலும் 10, துணைப்பாடம் 5, மனப்பாடச் செய்யுள் 5, குறிப்புகளைக் கொண்டு துணைப்பாடக் கதையை விரித்தெழுதுவது 8. மொத்தம் 50. ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’, ‘தி அட்டிக்’, ‘தி டெம்பெஸ்ட்’ என வகுப்பில் ஓராண்டாகப் படித்த பாடங்களை விட்டு இவற்றில் எதுவும் வெளியே போவதில்லை. பாடச் சொற்களுக்கு ஒருபொருள், எதிர்ப்பொருள் கேட்கும் ஒன் மார்க் ஆறையும் சேர்த்தால் 56. கடிதம், விளம்பரம், அறிவிப்பு போன்ற எழுத்துப் பகுதி 20. இலக்கணமும் சொல்லாக்கமும் சேர்ந்து 14. ரோடு மேப் 2. மாணவர் இதுவரை கண்டிராத ஒரு பத்தியையோ கவிதையையோ படித்துப் பதிலளிக்கும் கடைசிக் கேள்விக்கு 8. எழுத்துப் பகுதியில் குறிப்பெடுத்துச் சுருக்கி எழுதும் கேள்விக்கும் புதுப் பத்தி ஒன்று வரும். ஆனால் ஆறில் நான்கு எழுதினால் போதும் என்பதால் அதைத் தொடாமலே விட்டுவிடலாம்.

ஆக, புதிய ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறனுக்கு இந்தத் தாளில் உறுதியாகக் கிடைக்கும் இடம் நூற்றில் எட்டு. தேர்ச்சிக்கு வேண்டிய 35ஐ, புதிய வாக்கியம் ஒன்றைக்கூடப் படிக்காமல் பாடத்திலிருந்தே எடுத்துவிட முடியும். இதை ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள். ‘மெல்லக் கற்போர்’ கையேடுகள் இந்தக் கணக்கின் மேல்தான் தயாராகின்றன. புக் பேக் கேள்விகள், ஒரு பாடத்தில் எந்தக் கேள்வி வந்தாலும் எழுதிவிடக்கூடிய ஒரே பேரா, கடிதத்துக்கு மாறாத சட்டகம், மெமரி போயம். ஜனவரி வந்துவிட்டால் டியூஷன்களிலும் சிறப்பு வகுப்புகளிலும் நடப்பது இவ்வளவுதான். அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தாள் எதற்கு மதிப்பெண் தருகிறதோ அதை அவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

3. இலக்கணமும் சொல்லும்: சோதிக்கும் விதம்

மொழியைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கலாம் என்ற முறைக்கு ராபர்ட் லாடோ 1961இல் எழுதிய ‘லாங்குவேஜ் டெஸ்டிங்’ நூல் வலுவான வடிவம் தந்தது. நம் தாளின் இலக்கணப் பகுதியும் அந்த வழியில் வந்ததுதான். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கு, நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கு, இரண்டு வாக்கியங்களை இணை என்றே கேட்கும். திருத்துவது எளிது, பாரபட்சத்துக்கு இடம் குறைவு, விதியைக் கற்றாரா என்பதும் தெரிந்துவிடும். இந்த நன்மைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் விதியை இயக்கத் தெரிவதும், அந்த அமைப்பு எதிரே வரும்போது பொருள் புரிவதும் தனித்தனித் திறன்கள். எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் இப்படி ஒரு பலகை இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘விசிட்டர்ஸ் மஸ்ட் பி அக்கம்பனீட் பை எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்’. முழுக்கச் செயப்பாட்டு வினை. ‘ராமு பிரேக்ஸ் தி பாட்’ என்பதை ‘தி பாட் இஸ் புரோக்கன் பை ராமு’ என்று மாற்றி இரண்டு மதிப்பெண்ணும் வாங்கிய மாணவருக்கு, இந்தப் பலகையின்படி யார் யாரோடு வர வேண்டும் என்பது தெரியுமா? தாள் அதைக் கேட்டதில்லை. எழுவாயை முன்னும் பின்னுமாக இடம் மாற்றி ‘பை’ சேர்க்கும் பழக்கம், அந்த வினையைச் செய்தவர் யார் என்ற கேள்விக்குப் போகாமலே முழு மதிப்பெண் தந்துவிடுகிறது.

தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்பில் சிக்கல் தரும் இடங்களைத் தேடினால், அவற்றில் பலவற்றைத் தாள் தொடுவதே இல்லை. தமிழில் ஒருவர் சொன்னதை ‘என்று’ போட்டு அப்படியே சொல்லிவிடலாம். காலமும் மாற வேண்டாம், தன்மை படர்க்கையாக வேண்டாம். ஆங்கில அயற்கூற்றில் இரண்டும் மாறும். கதையில் இரண்டு ஆண்கள் பேசிக்கொள்ளும்போது நான்கு வரிக்குள் ‘ஹீ’ ஐந்து முறை வந்தால், எந்த ‘ஹீ’ யார் என்பதைப் பிடித்துக்கொண்டே போனால்தான் கதை புரியும். இதுவும் இலக்கணம்தான், வாசிப்புக்கு இன்றியமையாத இலக்கணம். ‘பத்தியில் மூன்றாவது வரியின் ஹீ யாரைக் குறிக்கிறது?’ என்ற கேள்வியை எழுத ஆசிரியருக்கு அரை நிமிடம் போதும். தவறான விடை எங்கே சிக்கல் என்பதை நேரே காட்டிவிடும்.

சொல்லறிவின் நிலையும் இதேதான். பாடச் சொல்லும் அதன் ஒருபொருட் சொல்லும் இரட்டையாக மனப்பாடமாகின்றன. நான்கு விடைகளில் பார்த்துப் பழகிய இரட்டையைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பெண். ஒரு சொல்லை அறிவது என்றால் அதன் வடிவம், பொருள், பயன்பாடு மூன்றையும் அறிவது என்று பால் நேஷன் விளக்கியிருக்கிறார். இரட்டைகள் இதில் ஒரு சிறு பகுதியைத்தான் தொடும். அதைவிட முக்கியமான அளவு வேறொன்று: பத்தியில் எத்தனை பங்கு சொற்கள் தெரிந்திருந்தால் துணையின்றிப் படிக்கலாம்? குறைந்தது 95 சதவீதம் என்றார் பத்யா லாஃபர் (1989). 98 சதவீதம் வேண்டும் என்று ஹூவும் நேஷனும் (2000) கண்டார்கள். நூறு சொல் பத்தியில் இரண்டு, மிஞ்சிப்போனால் ஐந்து சொற்கள் மட்டுமே புதியவையாக இருக்கலாம். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, தெரியாத சொல்லையெல்லாம் அடிக்கோடிடச் சொன்னால் ஒரு பாட வேளைக்குள் இதைக் கண்டுகொள்ளலாம். அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியபின் இது ஆங்கில ஆசிரியரின் கவலையாக மட்டும் இல்லை. நூற்றுக்குப் பதினைந்து சொல் தெரியாத பக்கத்தைப் பிள்ளை எந்தப் பாடத்திலும் படிக்க முடியாது.

4. பத்தியைப் படித்துப் பதிலளித்தல்

சரி, அந்த எட்டு மதிப்பெண்ணாவது வாசிப்பை அளக்கிறதா? கீழே நானே புனைந்த வாக்கியம்: ‘அட் டான் தி மோகல் க்ரிம்டு த்ரீ சிப்லெட்ஸ் நியர் தி வெல்’. மோகல், க்ரிம்டு, சிப்லெட்ஸ் என்ற சொற்கள் எந்த அகராதியிலும் இல்லை. ‘வாட் டிட் தி மோகல் க்ரிம்?’ என்று கேட்டால் பத்தாம் வகுப்பு மாணவர் தயங்காமல் ‘தி மோகல் க்ரிம்டு த்ரீ சிப்லெட்ஸ்’ என்று எழுதுவார். எங்கே, எப்போது என்பதற்கும் விடை வரும். மூன்று கேள்விகளுக்கும் முழு மதிப்பெண், பொருள் மட்டும் எவருக்கும் தெரியாது. கேள்வியின் சொற்களைப் பத்தியில் தேடி, அந்த வரியை எடுத்து எழுதும் பழக்கத்தை வளர்க்கும் கேள்விகளால் புரிதலை அளக்க முடியாது. ‘ஏன்’ என்பதும், ‘இப்படி நடந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்’ என்பதும், பத்தியில் இல்லாத சொற்களில் கேட்கப்பட்டு இரண்டு வரிகளைச் சேர்த்து விடை காண வேண்டிய கேள்விகளும்தான் வாசித்தவரையும் தேடி எடுத்தவரையும் பிரித்துக்காட்டும்.

விடை தவறினால் காரணம் என்ன என்பதும் பதிலில் தெரியாது. கஃப், டன்மர் இருவரும் 1986இல் முன்வைத்த எளிய கோட்பாட்டின்படி, வாசித்துப் புரிதல் என்பது எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனும் கேட்டுப் புரியும் திறனும் பெருக்கிக்கொண்ட பலன். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஆங்கில வரிக்கு மேலே தமிழெழுத்தில் உச்சரிப்பை எழுதிவைத்துப் படிக்கும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டலில் சிக்கல் இருக்கலாம். கடகடவெனப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாத பிள்ளையின் சிக்கல் வேறு. இருவருக்கும் எட்டுக்கு இரண்டு மதிப்பெண் கிடைக்கலாம். இருவருக்கும் ஒரே சிறப்பு வகுப்பு நடத்தினால் ஒருவருக்காவது அது வீண்.

பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடுடைய பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. சொல்வதை எழுதுபவரின் துணையோடு தேர்வெழுதும் மாணவருக்குப் பத்தியை இன்னொருவர் வாசித்துக் காட்டுகிறார். அவருக்கு இந்தக் கேள்வி கேட்டுப் புரிதலைச் சோதிக்கிறது. எழுத்துக்கூட்டல் அங்கே இல்லவே இல்லை. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைத்தால் குறைவது யாருடைய பிழைக்கு? சலுகையைப் பற்றிய கேள்வியாகவே இதை வழக்கமாகப் பேசுகிறார்கள். எனக்கு இது தேர்வின் இயல்பைத் துலக்கும் கேள்வியாகப் படுகிறது. ஒரே கேள்வி எழுதுபவர் யார் என்பதைப் பொறுத்து வெவ்வேறு திறன்களை அளக்குமானால், அந்த எட்டு மதிப்பெண்ணுக்கு எல்லோருக்கும் ஒரே பொருள் இருக்க முடியாது.

பத்தி எதைப் பற்றியது என்பதும் சிறிய விஷயமில்லை. வாசிப்பில் பின்தங்கிய மாணவர்களும் பேஸ்பால் ஆட்டத்தை நன்றாக அறிந்திருந்தால், ஆட்டம் தெரியாத தேர்ந்த வாசகர்களைவிட அதைப் பற்றிய பத்தியை நன்கு நினைவில் வைத்துச் சொன்னார்கள் என்று 1988இல் ரெக்டும் லெஸ்லியும் காட்டினார்கள். பனிச்சறுக்கு பற்றிய பத்தி இங்குள்ள பிள்ளைகளின் உலகறிவையும் சேர்த்தே சோதிக்கும். செம்பரம்பாக்கம் ஏரியின் மதகு திறப்பைப் பற்றிய பத்தி மொழியை மட்டும் சோதிக்கும்.

5. முன்பு பார்த்தவை

1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு, வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பயிற்றும் அமைப்புமுறை ஆங்கிலம் ஆசிரியர்களிடையே பரப்பப்பட்டது. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி தரும் ஏற்பாடு அது. ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்ற பெயர் ஆங்கிலக் கல்வி வரலாற்றில் அதற்கு நிலைத்துவிட்டது. பயிற்சி மாறியது, பாடநூல் மாறியது. அடுத்த தலைமுறையில் அதன் போதாமையைச் சொன்னவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு. அவரது திட்டம் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் நடந்தது. ‘பெங்களூர் ப்ராஜெக்ட்’ என்று பெயரானாலும் அதில் தமிழ்நாட்டு வகுப்பறைகளும் உண்டு. கால அட்டவணையைப் படிப்பது, வழி கண்டுபிடிப்பது போன்ற பணிகளில் பிள்ளைகளின் மனம் பொருளில் ஊன்றியிருந்தால் இலக்கணம் தானே படியும் என்பது அவரது நம்பிக்கை.

பெரெட்டாவும் டேவிஸும் (1985) அத்திட்டத்தை மதிப்பிட்டபோது பலவகைச் சோதனைகளை வைத்தார்கள். அமைப்புமுறையில் படித்தவர்கள் அமைப்புச் சோதனையில் முந்தினார்கள். பணிகளால் படித்தவர்கள் பணிச் சோதனையில் முந்தினார்கள். எந்தச் சோதனை என்பதே வெற்றி யாருக்கு என்பதைப் பெருமளவு தீர்மானித்தது. நம் பொதுத்தேர்வில் இருப்பது ஒரு வகைச் சோதனைதான். அதில் வரும் ஒற்றை எண்ணை மாணவரின் ஆங்கிலம் என்று படிப்பது தவறு என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று வேண்டியதில்லை.

தேர்வை மாற்றினால் கற்பித்தல் மாறிவிடுமா என்பதற்கு இலங்கை நமக்கு அருகே கிடைக்கும் பாடம். அங்கே 1988இல் சாதாரண தரத் தேர்வில் புதிய ஆங்கிலத் தாள் வந்தது. அதன் விளைவை வகுப்பறைகளுக்குள் சென்று ஆராய்ந்த டயான் வாலும் சார்ல்ஸ் ஆல்டர்சனும் 1993இல் எழுதியது இது: தேர்வு ஆசிரியர்கள் எதைக் கற்பித்தார்கள் என்பதை மாற்றியது, எப்படிக் கற்பித்தார்கள் என்பதை மாற்றவில்லை. வினாத்தாளைத் திருத்தினால் போதும் என்ற அவசர நம்பிக்கைக்கு இது கடிவாளம்.

புதிய பத்தி என்ற அளவுகோல் நம்மீதே வைக்கப்பட்டதும் உண்டு. பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பிசாவின் 2009 தேர்வு விரிவாக்கத்தில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 இறுதியில் வெளியான முடிவில், வாசிப்பில் நம் 15 வயதுப் பிள்ளைகளின் சராசரி 337. ஓஇசிடி நாடுகளின் சராசரி 493. அடிப்படை நிலையை எட்டியவர்கள் 17 சதவீதம் மட்டுமே. அது ஆங்கிலத்தை மட்டும் சோதித்த தேர்வு இல்லை. ஆனாலும் படித்த பாடத்தை ஒப்பிப்பதற்கும் பார்த்திராத பத்தியைப் படிப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அது காட்டியது.

6. மறுதரப்பின் நியாயம்

இவ்வளவும் சொன்னபின், பாடம் சார்ந்த தாளுக்கு வலுவான ஒரு நியாயம் இருப்பதையும் சொல்ல வேண்டும். 2024இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 91.55 சதவீதம், 2025இல் 93.80. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, உழைத்தால் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரியும் மதிப்பெண் பெரிய வரம். வீட்டில் ஆங்கில நாளிதழும் டியூஷனும் இல்லாதவரும் பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு தேறிவிடலாம். புதிய பத்திகளைக் கூட்டினால், வீட்டிலேயே ஆங்கிலம் புழங்கும் பிள்ளைகளுக்கு அது கூடுதல் அனுகூலமாகும்.

ஆனால் ஆவடியில் இரண்டு பாடத்திட்டங்களின் வேறுபாடு கண்முன்னே தெரியும். கேந்திரிய வித்யாலயா பின்பற்றும் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்ணில் 20 புதிய பத்திகளுக்கு. மாநிலத் தாளில் 100க்கு 8. ஒரே தெருவில் வளரும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் பல ஆண்டுகளாகப் புதுப் பத்தியோடு மல்லுக்கட்டிப் பழகுகிறார். மற்றவர் அந்தப் பழக்கம் வாய்க்காமல் பதினொன்றாம் வகுப்புக்குள் நுழைகிறார். கல்லூரிப் பாடநூலும் நிறுவன விதிமுறையும் கடன் விண்ணப்பமும் முன்னறிவிப்பில்லாத பத்திகளே. பத்தாம் வகுப்பில் இந்தப் பிள்ளைக்குக் காட்டிய சலுகையின் விலையை அவர் பிறகு தனியாகக் கட்டுகிறார். அதனால் நியாயத்தின் பெயரில் வாசிப்பை ஒதுக்கிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் புதிய பத்தியைத் திடீரென்று தேர்ச்சியின் நுழைவாயிலாக வைப்பதும் தவறு. முதலில் அதைக் கற்பிக்க வேண்டும். கற்பிக்க, எங்கே நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

7. அளப்பதும் கற்பிப்பதும்

பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று அளப்பதற்கு முன்மாதிரி நம் மாவட்டத்திலேயே தொடங்கியது. திருவள்ளூர் மாவட்டம் புழல் ஒன்றியம் அழிஞ்சிவாக்கம் நடுநிலைப் பள்ளியில் 2022 ஜூன் 13 அன்று ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, பின்னர் நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பிள்ளையின் இன்றைய நிலையை அறிந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி நூலைக் கொடுப்பது அதன் முறை. தேறினாரா என்று கேட்பதில்லை, எங்கே இருக்கிறார் என்று கேட்கிறது. 2025-26இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ‘திறன்’ திட்டம் வந்திருப்பதும் இந்த வழியில்தான். இந்த நோக்கு பத்தாம் வகுப்பின் வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

கல்வி நிலை ஆய்வுகள் நடத்தும் ‘அசர்’ அமைப்பின் எளிய சோதனையிலிருந்தும் கற்கலாம். ஆங்கில வாக்கியத்தைப் படிக்கச் சொல்வார்கள். படித்தவரிடம் பொருள் கேட்பார்கள். இரண்டும் தனித்தனியே பதிவாகும். நாட்டின் 28 மாவட்டங்களின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதினரிடம் நடத்திய 2023 ஆய்வில் 57.3 சதவீதத்தினர் வாக்கியம் படித்தார்கள். படித்தவர்களில் 73.5 சதவீதத்தினர் பொருள் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கொடுத்திருந்தால், படித்தும் பொருள் சொல்ல இயலாதவர்கள் நம் கண்ணில் படாமலே போயிருப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பின் முதல் மாதத்தில் ஆசிரியர் ஒருவர் செய்யக்கூடியது இது. நூற்றைம்பது சொல் பத்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளைச் சிறு குழுக்களாக அழைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டலில் தடுக்குபவர் அங்கேயே தெரிவார். அதே தரத்தில் இன்னொரு பத்தியை ஆசிரியர் படித்துக்காட்டித் தமிழில் பொருள் கேட்கலாம். தமிழில் சொல்ல அனுமதிப்பது முக்கியம், ஏனெனில் இங்கே அளப்பது புரிதலை, ஆங்கிலத்தில் எழுதும் திறனை அல்ல. மூன்றாவது பத்தியில் ஏழு சொற்களுக்கு ஒன்றை அழித்து நிரப்பச் சொல்லலாம். வில்சன் டெய்லர் 1953இல் அறிமுகப்படுத்திய இந்த முறைக்கு எழுதுபலகையும் சாக்பீசும் போதும். இலக்கணமும் சொல்லும் சேர்ந்து இயங்குவதை இது காட்டும். மதிப்பெண் பதிவேட்டில் இவற்றுக்கு மூன்று தனிக் கட்டங்கள் வேண்டும், கூட்டுத்தொகை வேண்டாம்.

பொதுத்தேர்வில் நான் கேட்பது சிறு மாற்றம். கடைசிக் கேள்வியின் 8ஐ 15 ஆக்கி, அந்த 7ஐ மனப்பாடச் செய்யுளிலிருந்தும் ரோடு மேப்பிலிருந்தும் எடுக்கலாம். வரியை அப்படியே எடுத்து எழுதினால் விடை கிடைக்கும் கேள்வி அதில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. விடைத்தாளில் கேள்விவாரியாகத்தான் மதிப்பெண் இடுகிறார்கள். அந்த ஒரு கேள்வியின் சராசரியை மட்டும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஒவ்வொரு பள்ளிக்கும் தனியே அனுப்பினால், சான்றிதழில் ஒன்றும் மாறாமலே, அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு தலைமையாசிரியர் தன் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டையும் வாசிப்பு விழுக்காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். அதுவரை, அரையாண்டுத் தேர்வில் இந்த எண்ணைப் பள்ளியே எடுத்துக்கொள்ள எவருடைய அனுமதியும் தேவையில்லை.